கரிசல் மண்ணில் ஒரு கப்பல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

விளாத்திகுளத்துக்காரன் ஒருவன் கப்பல் கட்டினான் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பது இயற்கையே. எங்களுக்கு வாய்த்தது கரிசல் மண். பருத்தி, கம்பு, மிளகாய் வற்றல், கருவேலமரம், வெயில் ஆகியவைதாம் எங்கள் செல்வங்கள். வைப்பாறு ஆண்டில் சில நாட்கள் ஆறாக இருக்கும். எஞ்சிய நாட்களில் மணலாக இருக்கும். கடல் அப்படியொன்றும் தொலைவில் இல்லை. கிழக்கே வேம்பாருக்குப் போனால் கடல்தான். ஆயினும் எங்கள் தெருவில் மீனைப் பார்த்தவர்கள் உண்டே தவிர, கப்பலைப் பார்த்தவர்கள் குறைவு. எனவே, தை மாதம் தொடங்கி ஆடி மாதம் வரை நான் ஒரு பாய்மரக் கப்பல் கட்டினேன் என்னும் செய்தி வகுப்பில் பரவியதும், நண்பர்கள் என்னைக் ‘கேப்டன்’ என்று அழைக்கத் தொடங்கியதில் வியப்பில்லை. ஒருவன் மட்டும், “எந்தத் தண்ணீரில் விடப் போகிறாய்?” என்று கேட்டான். அவன் எங்கள் ஊரை நன்கு அறிந்தவன்.

நான் கட்டியது ஒன்றரை அடிக் கப்பல். அதுவும் பெட்டியில் வந்த கப்பல்.

என் தாய்மாமன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். ஒப்பந்தம் முடிந்து பொங்கலுக்கு ஊர் வந்தவர், ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவில் வாங்கியதென்று ஒரு கனத்த அட்டைப் பெட்டியை என் கையில் கொடுத்தார். “மருமகனே, நீ படிக்கிற படிப்புக்கு ஏத்த சாமான்னு கடைக்காரன் சொன்னான். எனக்கு ஒண்ணும் புரியல, வாங்கிட்டேன்” என்றார். பெட்டியின் மேல் ஒரு கப்பலின் படம். அதன் கீழ் ‘பீகிள்’ என்ற பெயர். கடைக்காரன் பொய் சொல்லவில்லை. உயிரியல் படிக்கும் மாணவனுக்கு அதைவிடப் பொருத்தமான கப்பல் உலகில் இல்லை. 1831 டிசம்பர் 27 ஆம் நாள் இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து புறப்பட்டு, 1836 அக்டோபரில் திரும்பிய அந்தக் கப்பலில்தான் சார்லஸ் டார்வின் உலகைச் சுற்றினார். புறப்பட்டபோது அவருக்கு வயது 22. என்னைவிட இரண்டே வயது மூத்தவர் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது.

பீகிளின் நீளம் ஏறத்தாழ 90 அடி. பெட்டியில் இருந்தது அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி. அந்தக் கணக்கில் கப்பலின் உடல் 18 அங்குலம். ஆறடி உயரமுள்ள மனிதன் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய மரக்கலத்தில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள் என்பதை நூலில் படித்தபோது நான் உணரவில்லை. முதுகெலும்புப் பலகையைத் தரையில் வைத்து அளந்தபோதுதான் உணர்ந்தேன்.

பெட்டியைத் திறந்தால் கப்பல் இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இருந்தவை குச்சிகள். எலுமிச்சை நிறத்தில் நூறு நூறாக மெல்லிய மரப்பட்டைகள், கருஞ்சிவப்பில் அதைவிட மெல்லிய பட்டைகள், எந்திரத்தால் வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், பித்தளை ஆணிகள், நூற்கண்டுகள், பாய்க்கு வெள்ளைத் துணி, பாசிமணியைப் போலச் சின்னஞ்சிறு கப்பிகள், அப்புறம் நாங்கள் உண்ணும் பாயைவிடப் பெரிய வரைபடத் தாள்கள். “இதுக்கா இவ்வளவு காசு?” என்று அம்மா கேட்டார்கள். மாமா பதில் சொல்லவில்லை.

இங்கே என் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். என் தந்தை தச்சர். அவருடைய தந்தையும் தச்சர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா மாட்டுவண்டிச் சக்கரம் செய்வதில் பெயர் பெற்றவர். நடுவில் குடம், அதில் பன்னிரண்டு ஆரக்கால்கள், வெளியே ஆறு வட்டைகள், அதன்மேல் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டா. இது ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் பெருந்தொழில். டிராக்டரும் சரக்கு வேனும் வந்தபின் வண்டி போயிற்று. கடைசியாக அவர் சக்கரம் செய்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். இப்போது தூத்துக்குடியில் ஒருவரிடம் அலமாரி அடிக்கும் கூலி வேலைக்குப் போகிறார். அங்கே மரமில்லை; ஒட்டுப்பலகையும் பசையுமே.

அப்பாவிடம் ஒரு கருவிப் பெட்டி உண்டு. அதை நான் தொடக்கூடாது. சரசுவதி பூசையன்று சந்தனம் வைப்பதற்கு மட்டும் தொடலாம். மற்ற நாளில் உளியை எடுத்தால், “வை கீழே. உளி பிடிச்ச கை பேனா பிடிக்காது” என்பார். கோபத்தால் சொல்வதல்ல அது. அவருடைய ஒரே திட்டம் அது. தம்மோடு இந்தத் தொழில் முடிய வேண்டும், மகன் நிழலில் உட்கார்ந்து எழுதி வாழ வேண்டும் என்பது அவர் அவா. அதன் விளைவு என்னவென்றால், ஒரு தச்சர் வீட்டில் இருபது ஆண்டு வளர்ந்த எனக்கு ஆணி அடிக்கவும் தெரியாது. என் தந்தை நாள்தோறும் என்ன செய்தார் என்பதே எனக்குத் தெரியாது. கட்டையின் குறுக்கு வெட்டுத் தோற்றத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் முழு மதிப்பெண் வாங்குவேன்.

ஆகவே கப்பற் பெட்டி எங்கள் வீட்டில் ஒரு சிக்கலாயிற்று. அது விளையாட்டுச் சாமானா, பாடச் சாமானா, தச்சு வேலையா? விளையாட்டு என்றால் வயதாகிவிட்டது. பாடம் என்றால் சரி. தச்சு என்றால் கூடாது. நான் “பாடம்” என்றேன். அப்பா பெட்டியை ஒரு பார்வை பார்த்து, ஒட்டுப்பலகைச் சட்டம் ஒன்றை விரலால் சுண்டி, “இது மரமே இல்லையே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். நடுவே முதுகெலும்பு போல ஒரு பலகை. அதில் வெட்டியுள்ள பள்ளங்களில் குறுக்குச் சட்டங்களைச் செருகினால் மீனின் முள்ளெலும்பு போல ஒரு கூடு கிடைக்கிறது. அதன்மேல் தளப்பலகை. பிறகு பக்கப் பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, ஆணி வைத்து, கூட்டை மூட வேண்டும். கேட்க எளிது. ஆனால் கப்பலின் நடு வயிறு அகலம். மூக்கும் வாலும் குறுகல். ஒரே அகலமுள்ள பட்டைகளை நடுவில் நெருக்கமாக ஒட்டினால், முன்னால் வரும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எனவே ஒவ்வொரு பட்டையையும் முனை நோக்கிச் சீவிக் குறுக்க வேண்டும். அதே சமயம் வளைக்கவும் முறுக்கவும் வேண்டும். மூக்கின் அருகே வளைவு மிகக் கடுமை. தாளில் ‘பட்டைகளை நீரில் ஊறவைத்துச் சூடு காட்டி வளைக்கவும்’ என்று ஒரே வரி. பார்சிலோனாவின் ஈரக் காற்றை நினைத்து எழுதிய வரியாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் மாசி வெயிலில் அந்தப் பட்டைகள் அப்பளம் போலக் காய்ந்திருந்தன. இரண்டு படீரென்று முறிந்தன.

மூன்றாவது முறியும் ஓசை கேட்டு அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். முறிந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஏய்யா, நார் எங்கிட்டு ஓடுதுன்னு பாத்தியா? பக்கவாட்டுல வெளிய வந்துருது பாரு. இதக் கடுசான எடத்துல போடக்கூடாது. நடுவுல போடு. நேரா ஓடுறதப் பொறுக்கி மூக்குக்கு வை” என்றார். பின் நூறு பட்டைகளையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கண்ணருகே தூக்கி, இரண்டு குவியலாகப் பிரித்தார். அரைமணி நேரம் ஆயிற்று. பிரித்து முடித்ததும் எழுந்து போய்விட்டார். அன்று மூக்கில் ஒட்டிய பட்டைகளில் ஒன்றுகூட முறியவில்லை.

மறுநாள் மாலை அவரே வந்து அருகில் அமர்ந்தார். ஒட்டிய பட்டையைப் பிடித்துவைக்க நான் துணிக்கிளிப்புகளை மாட்டியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். சற்று நேரம் கழித்து, கருவிப் பெட்டியைத் திறந்து, கட்டைவிரல் நீளமே உள்ள ஓர் இழைப்புளியை எடுத்து என் பக்கம் தள்ளினார். தாத்தா காலத்துப் பொருளாம்; குழவித் தொட்டிலுக்கு மணி இழைக்கப் பயன்பட்டதாம். ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. இழைக்கத் தொடங்கினேன்.

பக்கம் மூடி முடிக்கப் பங்குனி ஆயிற்று. அந்த நாட்களில்தான் அப்பா ஒரு செய்தியைச் சொன்னார். எந்திரம் வெட்டிய குறுக்குச் சட்டம் ஒன்றின் வளைவை விரலால் தடவிக்கொண்டே, “நெசக் கப்பல்ல இத அறுத்து எடுக்க மாட்டாங்க. மரமே இப்படி வளஞ்சிருக்கணும். உங்க தாத்தா தூத்துக்குடித் தோணிக்கு இதத்தான் அனுப்பிட்டிருந்தாரு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தாத்தாவுக்கும் தோணிக்கும் என்ன தொடர்பு?

தோணி என்றால் ஆற்றைக் கடக்கும் ஓடம் என்று வெளியூர் நண்பர்கள் நினைப்பார்கள். தூத்துக்குடித் தோணி அதுவன்று. நூறடி வரை நீளமுள்ள, நூற்றுக்கணக்கான டன் சரக்கு ஏற்றும் மரக்கப்பல் அது. பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தது. பழைய தூத்துக்குடித் துறையில் ஆழம் இல்லை. பெரிய நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரம் போடும். தோணிகள்தாம் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றி, இறக்கிக் கொண்டுவரும். புதிய துறைமுகம் அமைந்து, அது 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் வரை அந்தக் கடலின் கைகால்கள் தோணிகளே. நம் மாவட்டத்தில் கப்பல் என்றதும் வ.உ.சிதம்பரனார் பெயரைச் சொல்வோம். 1906 இல் அவர் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதையும், மறு ஆண்டு ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்கள் வந்ததையும் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவை வெளிநாட்டில் செய்த நீராவிக் கப்பல்கள். நம் கரையிலேயே, நம் மரத்தில், நம் மனிதர்கள் கட்டிய தோணியைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. எண்ணிக்கை குறைந்தாலும், எஞ்சின் பொருத்திய தோணிகள் இன்றும் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன.

அந்தத் தோணியின் விலா எலும்புகளுக்கு வேண்டியது நாட்டுக் கருவேலம். இதற்குக் காரணம் தாவரவியல். நேரான கட்டையிலிருந்து ஒரு வளைவை ரம்பத்தால் அறுத்தெடுத்தால், வளைவின் ஓரிடத்தில் நார் நீளவாக்கில் ஓடும். வேறோரிடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும். அலை மோதும்போது அந்தக் குறுக்கு நார் உள்ள இடத்தில்தான் விரிசல் விழும். கிளையே வளைந்து வளர்ந்திருந்தால் நாரும் வளைவோடு சேர்ந்து வளைந்து முனைக்கு முனை அறுபடாமல் ஓடும். ஆங்கிலேயரும் இதை அறிந்தவர்களே. தம் போர்க்கப்பல்களின் வளைந்த உறுப்புகளுக்காக அவர்கள் அடர்ந்த காட்டில் நேராக வளர்ந்த ஓக் மரத்தை விட்டு, வேலியோரத்தில் தனியாக நின்று கோணிக் கிளைத்த ஓக் மரத்தைத் தேடினார்கள். அவர்களுக்கு ஓக், நமக்குக் கருவேலம்.

கண்மாய்க் கரையிலும் புஞ்சை வேலியிலும் காற்றுக்குச் சாய்ந்து, ஆடு கடித்து, வெயிலில் முறுகிக் கோணிக்கொண்டு நிற்கும் மரம் அது. ‘கோணல்’ என்பதைக் குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். தாத்தாவோ அந்தக் கோணலைத் தேடித்தான் நடந்தாராம். கையில் பனைநாரால் வளைத்த ஓர் அளவு வைத்திருப்பாராம். மரத்தடியில் நின்று அதைக் கிளைக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாராம். ஒத்துவந்தால் விலை பேசுவார். வெட்டிய கட்டை பல மாதம் கண்மாய்த் தண்ணீரில் ஊறும். பிறகு நிழலில் காயும். பிறகு வண்டியில் தூத்துக்குடி. வண்டிச் சக்கரத்து வட்டைக்கும் இதே வித்தைதான். வட்டையும் வளைவு, அதற்கும் கருவேலம். தோணிக்காரரும் வண்டிக்காரரும் ஒரே மரத்தடியில் நின்றிருக்கிறார்கள். இப்போது எங்கும் பரவியுள்ள சீமைக் கருவேலம் வேறு மரம், வெளிநாட்டிலிருந்து வந்தது. அது கரிமூட்டத்துக்கு ஆகும், தோணிக்கு ஆகாது என்பது அப்பாவின் தீர்ப்பு.

கருவேலம் மட்டுமன்று. தோணியின் பலகைகளுக்கு இடையே நீர் புகாமல் இருக்கப் பஞ்சைத் திரித்து, எண்ணெயில் தோய்த்து, இடுக்குகளில் உளி வைத்து அடித்து இறக்குவார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். அந்தப் பஞ்சும் கரிசல் விளைத்ததுதான். கடலைப் பார்க்காத எங்கள் ஊரின் மரமும் பஞ்சும் கொழும்பைப் பார்த்திருக்கின்றன.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போனார். குளத்தூர் வழியாகப் போகும் பேருந்து; மடியில் துணி சுற்றிய பாதிக் கப்பல். நடத்துனர் அதற்குச் சுமைக் கட்டணம் கேட்காமல் விட்டது அவர் பெருந்தன்மை. தாத்தாவிடம் கட்டை வாங்கிய ஓடாவி ஒருவர் கரையோரம் இன்னும் இருக்கிறார். கப்பல் தச்சரை அந்தப் பக்கத்தில் ஓடாவி என்பார்கள். எண்பது வயதைக் கடந்தவர். கரையேற்றியிருந்த ஒரு பழந்தோணியின் நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, பழுது பார்க்கும் ஆட்களுக்கு வாயாலேயே வேலை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா, “அண்ணாச்சி, நல்லாருக்கீங்களா?” என்று கேட்டுத் தம் தந்தையின் பெயரைச் சொன்னதும், கிழவர் முகம் மலர்ந்தது. “வெளாத்திகுளத்து ஆசாரி மகனா? அவரு குடுத்த வங்கு இன்னும் இதுக்குள்ள கெடக்கு, போய்ப் பாரு” என்று தோணியைக் காட்டினார்.

உள்ளே இறங்கினோம். கருவாட்டு வாடையும் எண்ணெய் வாடையும் கலந்த இருட்டு. அடியில் ஏரா என்னும் முதுகுக்கட்டை. அதிலிருந்து இருபுறமும் மேலேறும் வங்குகள், அதாவது விலாக்கட்டைகள். எந்திரம் வெட்டிய என் சட்டங்கள் எல்லாம் ஒரே அச்சு. இங்கே ஒவ்வொரு வங்கும் ஒரு விதம். ஒன்றில் கிளை பிரிந்த கணு அப்படியே தெரிந்தது. அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். எது தாத்தா கொடுத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் எல்லாவற்றையும் தொட்டார்.

வெளியே வந்ததும் என் பீகிளைக் கிழவர் மடியில் வைத்தேன். அணியத்திலிருந்து அமரம் வரை, அதாவது முன்தலையிலிருந்து பின்தலை வரை, ஒரே இழுப்பில் உள்ளங்கையால் தடவினார். இடப்பக்கம் ஓரிடத்தில் கை நின்றது. “இங்கன கொஞ்சம் தேயி” என்றார். கண்ணுக்குத் தெரியாத மேடு அது. பின், “இது ஓடுற கப்பலு. நம்மது சொமக்குற கப்பலு. அடி தட்டையா இருக்கும், சேத்துல ஒக்காந்தாலும் சாயாது” என்றார். பீகிளின் அடி கூர்ந்திருப்பதையும் தோணியின் அடி அகன்றிருப்பதையும் ஆழமில்லாத நம் கரையோடு பொருத்திப் பார்க்க எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 

“வரைபடம் இருக்கா தாத்தா?” என்று கேட்டேன். கிழவர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். எழுதிய நூலே நம்மிடம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. ‘கப்பல் சாத்திரம்’ என்னும் சுவடி 1950 இல் சென்னையில் அச்சாகியிருக்கிறது. ஆனால் இந்தத் தோணியின் வளைவுகள் எந்தச் சுவடியிலும் இல்லை. கிழவரின் பிள்ளைகள் இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். “எம் புள்ளைகளையும் தொட விடலப்பா, நாந்தான் வேண்டாம்னுட்டேன்” என்று அவர் சொன்னபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிக் கட்டிய மரக்கலம் எவ்வளவு தூரம் போகும் என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சூயஸ் கால்வாய் வழியாகவும் அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகவும் ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறையில் சேர்த்தார்கள். அதன் நீளம் 89 அடி. டார்வினின் பீகிளுக்கு ஓரடி குறைவு, அவ்வளவுதான்.

அதன்பின் என் கப்பல் விரைவாக வளர்ந்தது. கிழவர் சொன்ன இடத்தைத் தேய்த்தேன். கருஞ்சிவப்புப் பட்டைகளை மேலே ஒட்டினேன். மூன்று பாய்மரங்களும் ஏறின. கயிறு கட்டுவது பெருந்தொல்லை; அதை எழுதினால் இந்த மலர் போதாது. பெட்டியில் வந்த பாய்த்துணியை அம்மா வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியில் வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தார்கள். ஸ்பெயின்காரன் துணியைவிட அது நன்றாகவே விழுகிறது. 

தெருவில் பேச்சு எழாமல் இல்லை. “படிக்கப் போன பய திரும்பவும் ஆசாரி வேலைக்கே வந்துட்டானா?” என்று ஒருவர் அப்பாவிடமே கேட்டார். அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. நான் இழைப்புளியைத் துடைத்து அவர் பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது அது மறுபடியும் என் மேசைமேல் இருந்தது, வாய் தீட்டியிருந்தது.

எங்கள் துறைத்தலைவர் ஐயா அவர்கள் கப்பலைத் துறையின் காட்சிக்கூடத்தில் வைக்க விரும்பினார்கள். கொண்டுவந்து வைக்க அப்பாவும் வந்தார். என்னைச் சேர்த்த நாளுக்குப் பிறகு அவர் கல்லூரிக்குள் வந்தது அன்றுதான். ஓரமாக நின்றவரை ஐயா அவர்கள், “உட்காருங்கள்” என்று நாற்காலி போட்டு அமர்த்தி, நுண்ணோக்கியில் கருவேலங்கட்டையின் குறுக்கு வெட்டைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் அப்பா கையால் பொத்திக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

“வெள்ளையில ஓட்டை திறந்திருக்கு. வைரத்துல என்னமோ அடச்சுக் கெடக்கே?” என்று கேட்டார்.

“கோந்து போன்ற பொருள் படிந்து அடைத்துக்கொள்கிறது. அதனால் நீர் ஏறாது” என்றார்கள் ஐயா.

“அதான் வைரம் ஊறாது. வெள்ளைய ஒட்டவிட்டா பூச்சி அரிச்சிரும், சீவி எறிஞ்சிருவோம்” என்றார் அப்பா. பின்பு, தயங்கித் தயங்கி, வளைந்த கிளை காயும்போது இன்னும் சிறிது வளைந்துகொள்ளும், அதற்கு இடம் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றும் சொன்னார். சாய்ந்த கிளையின் மேற்புறத்தில் இழுவிசைக் கட்டை உருவாகிறது, அது காயும்போது நீளவாக்கில் மிகுதியாகச் சுருங்குகிறது என்பது எங்களுக்குச் சென்ற பருவத்தில் நடந்த பாடம். நாங்கள் படித்து எழுதியதை அப்பா விரற்கடைக் கணக்கில் வைத்திருந்தார். ஐயா அவர்கள் அதைக் கரும்பலகையில் வரைந்து, அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வகுப்பு மாணவர்கள் சுற்றி நின்றார்கள். என்னைக் கேப்டன் என்று கேலி செய்தவனும் நின்றான்.

கிழவர் நெற்றியில் உள்ள தோணியைத் தாளில் இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்து, ஆனி, ஆடி மாதங்களில் நான்கு ஞாயிறுகள் அளவு நாடாவோடு போய்வந்தோம். அந்தப் பழந்தோணியின் நீளம் 92 அடி. அகலம், உயரம், வங்குகளின் இடைவெளி, ஒவ்வொரு வங்கின் வளைவு எல்லாம் இப்போது என் நோட்டில் இருக்கின்றன. நான் கோணலாக எழுதிய எண்களை அப்பா இரவில் அமர்ந்து நேராக்கினார். தச்சர் வரைந்தது போலவே இருக்கிறது. கோடுகள் என் கோடுகளைவிட நேர்.

அடுத்தது அந்தத் தோணியின் மாதிரி. முப்பதில் ஒரு பங்கு. மூன்றடிக்கு மேல் வரும். இதற்குப் பெட்டி எந்த ஊரிலும் விற்பதில்லை. சட்டங்களை ஒட்டுப்பலகையில் அறுப்பதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். வளைந்து வளர்ந்த கருவேலங்குச்சிகளைத்தான் தேட வேண்டும். எங்கள் சித்தப்பா புஞ்சை வேலியில் இதுவரை பதினொன்று கிடைத்திருக்கின்றன. தொட்டித் தண்ணீரில் ஊறுகின்றன. இன்னும் இருபதுக்கு மேல் வேண்டும். வரும் ஞாயிறு வேம்பார்ப் பாதையில் தேடப் போகிறோம். பனைநாரில் அளவு வளைத்தாயிற்று. ரம்பத்தை என்னையே எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.